பஞ்சு வைத்த வாளி

சாராள் பயந்த சுபாவக்காரி என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். இடி இடித்தால் மிக்சி பிளக்கைப் பிடுங்குவாள், டிவி பிளக்கைப் பிடுங்குவாள், அப்புறம் பக்கத்து வீட்டுக்கு ஓடி அவர்களுடைய பிளக்கையும் பிடுங்கச் சொல்லுவாள். போடியில் அவள் தரம் பிரிக்கப் போகிற ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை அடுக்கின பக்கம் உட்கார மாட்டாள், சரிந்து விழுந்துவிடுமாம். நாற்பத்தொன்பது வயதாகியும் குக்கர் விசிலுக்கு இன்னும் தூக்கிவாரிப் போடும். இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடிந்தும் விடியாமல் ஜீப்பேறி, போடிமெட்டு வளைவுகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே கடந்து, கேரளா பக்கம் இறங்கி, யானை நடமாடுகிற ஏலக்காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்து போனாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் போனாள். ஆறு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

அந்தக் காட்டுக்குள் எஸ்டேட் வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகள் ஏழு இருந்தன. அவற்றுக்கு நடுவே தகரம் போட்ட ஒரு ஜெப வீடு. அதன் பின்னால்தான் அவள் புருஷன் ஜானை அடக்கம் செய்திருந்தார்கள். ஜான் அங்கே கங்காணி. மகள் சோனியாவின் படிப்புக்காகச் சாராள் போடியில் இருக்க, அவர் வாரம் ஒரு முறை மலையிறங்கி வந்து போனார். ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்காட்டுக்குப் போகிற பாதையில், பாறை வளைவு என்கிற இடத்தில் யானை அவரை அடித்துப் போட்டது.

இதுவரை ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்றைக்குக் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சாராள் அவருக்குப் போன் அடித்தாள். அவசரம் ஒன்றுமில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான். அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை என்றால் விடுகிற ஆளா அவள்? எட்டு ஒன்பது தடவை அடித்துத் தீர்த்தாள். ஏழேகால் வாக்கில்தான் நடந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். சத்தத்தைக் கேட்டால்தான் அந்தக் கொம்பன் திரும்பும் என்றும் சொன்னார்கள். அவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சோனியாவிடம் சொல்லவில்லை, பாஸ்டரிடமும் சொல்லவில்லை. அன்றோடு யாருக்கும் தானாகப் போன் அடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். மகள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன பிறகும் அப்படியே. சோனியா கூப்பிட்டால் பேசுவாள். இவளாகக் கூப்பிட்டதே கிடையாது.

அந்த சோனியாதான் போன வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கான்செர்ட்டினா என்கிற அந்தப் பொருளைக் கொண்டுவந்தாள். இரண்டு கைக்குள் அடங்குகிற ஆறு மூலைப் பெட்டி. நடுவில் தோல் மடிப்புத் துருத்தி, இரண்டு பக்கமும் பித்தான்கள். இழுத்தால் பாடும், அமுக்கினாலும் பாடும். சாராளுக்கு ஏற்கெனவே ஆர்மோனியம் வாசிக்க வரும் என்பதால் இரண்டே மாதத்தில் இதுவும் கைக்கு வந்துவிட்டது. ஜெப வீட்டில் முன்பு வைத்திருந்த ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்று, மிச்சத்தைப் பூசணம் தின்று தீர்த்திருந்தது. அதனால் இதை அங்கே விட்டு வைக்காமல் ஒவ்வொரு வாரமும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினாள். ஆராதனை முடிந்ததும் பின்பக்கம் போய் ஜானின் கல்லறை அருகே நின்று ஒரு பாட்டு வாசிப்பாள். நான்தான் போன் அடித்தேன் என்று அவரிடம் சொல்ல வாய் வராது. அதனால் வாசிப்பாள்.

பாதை தொடங்குகிற இடத்தில் வாட்சர் மொக்கச்சாமி காத்திருப்பான். ஜானுக்குக் கீழே வேலை பார்த்தவன், அவரை அண்ணே என்று கூப்பிட்டவன். இவள் அவனுக்கு மதினி. காட்டுக்குள் நுழைகிற முன்னால் பெண்கள் கொலுசைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி வளையலை மேலேற்றி ரப்பர் பேண்டு போட வேண்டும். போனை அணைக்க வேண்டும். அணைத்ததை அவன் வாங்கிப் பார்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வான். அதற்கப்புறம் லயம் போய்ச் சேரும்வரை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.

இந்த ஒழுங்கெல்லாம் கடைப்பிடித்த சாராள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் உயிருக்கும் மொக்கச்சாமி உயிருக்கும் உலை வைக்கப் பார்த்தாள். கான்செர்ட்டினாவை ஒரு ரெக்சின் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பாறை வளைவில் மொக்கச்சாமி கையை உயர்த்தினான். ஏலச் செடிகளுக்கு மேலே ஐம்பதடி தூரத்தில் கறுப்பாய் ஒரு முதுகு தெரிந்தது. பயத்தில் அவள் பையை இறுக்கினாள். உள்ளே ஏதோ பித்தான் அமுங்கி, துருத்தி சுருங்கி, பெட்டி கன்றுக்குட்டி போல நீளமாகக் கத்தியது.

முதுகு அசைவதை நிறுத்தியது. பிறகு காது இரண்டும் விரிந்தன. எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. சாராளுக்குத் தன் இருதயம் அடிப்பது கூட யானைக்குக் கேட்டுவிடும் என்றிருந்தது. கடைசியில் அது என்ன நினைத்ததோ, ஓடைப் பக்கம் இறங்கிப் போனது.

லயம் போய்ச் சேர்ந்ததும் மொக்கச்சாமி பொரிந்து தள்ளிவிட்டான். "மதினி, ஒங்க மூச்சுப் பொட்டிக்கு வாயடைக்க ஒரு வழி பண்ணிட்டு வாங்க. இல்ல, அடுத்த வாரம் அதைய வீட்டுல வச்சுட்டு வாங்க. இதே பையோட வந்தீங்கன்னா நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. வெறுங்கையோடு போகலாம்தான். ஆனால் வெறுங்கையோடு ஜானின் முன்னால் போய் நிற்க அவளால் முடியாது. அதை மொக்கச்சாமியிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரம் முழுக்கக் கிட்டங்கி விட்டதும் போடி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். பேக் கடையில் கேமரா வைக்கிற பை ஒன்று நன்றாகத்தான் இருந்தது. ஜிப்பைக் காதருகே வைத்து இழுத்துப் பார்த்தாள். சர்ரென்றது. வேண்டாம் என்று வைத்துவிட்டாள். கடைக்காரர், "எதுக்கும்மா காதுல வச்சுப் பாக்குறீங்க, போனா அது?" என்று கேட்கக் கேட்க, அவள் அடுத்த கடைக்குப் படியிறங்கிவிட்டாள்.

வேலுச்சாமியின் பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் சம்படம் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. மூடியைத் தட்டினாள். ணங்கென்று கடை முழுக்கக் கேட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து வேலுச்சாமி இரக்கப்பட்டு, "வெல்லம் போட்டு வச்சிருந்த தகர டின்னு ஒண்ணு கெடக்கு. சும்மாவே கொண்டு போங்க, நல்லா கெட்டியா இருக்கும்" என்றார். வெல்ல வாசனையோடு ஏலக்காட்டுக்குள் போவதற்கு யானைக்குக் கல்யாணப் பத்திரிகையே வைத்துவிடலாம். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாகச் சூர்யகலாவின் தலையணைக் கடைக்குப் போனாள். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை தைக்கிற கடை அது. கடையில் பஞ்சு, சூர்யகலாவின் தலையில் பஞ்சு, டீ கிளாசில் பஞ்சு. விஷயத்தைக் கேட்டதும் சூர்யகலா பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்துவந்தாள். பத்து லிட்டர் வாளி, அழுத்தினால் பிடித்துக்கொள்கிற மூடி. அடியில் பஞ்சை நிரப்பி, கான்செர்ட்டினாவை இறக்கி, சுற்றிலும் பஞ்சைத் திணித்தாள். கம்பிக் கைப்பிடி கிரீச்சிடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொடுத்தாள். சாராள் வாளியை ஆட்டினாள், உருட்டினாள், கட்டில் மேலிருந்து போட்டே பார்த்தாள். மூச்சுப் பேச்சில்லை.

"கெட்டித் துணியில உறை தச்சு, அதுக்குள்ள பஞ்சு வைக்கணும்டி. அதான் மொறை," என்றாள் சூர்யகலா. "திங்கக்கெழமை வா, தச்சுத் தர்றேன்."

"நாளைக்கு விடியக்காலம் நான் போகணும்க்கா."

"அப்ப இப்பிடியே கொண்டு போ. பஞ்சுதான, என்ன செஞ்சிரப் போகுது?"

போடிக்காரர்களுக்கு மட்டுமே வருகிற நினைப்பு அது. பிறந்ததிலிருந்து மூக்கிலும் வாயிலும் பறக்கிற பஞ்சை அந்த ஊரில் யாரும் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை.

மறுநாள் பாறை வளைவைத் தாண்டும்போது பாதையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. வாளி வாயைத் திறக்கவில்லை. மொக்கச்சாமி திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கே சாராளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் ஜெப வீட்டில் முதல் பாட்டுக்கே பஞ்சு வேலையைக் காட்டியது. பெட்டியின் இரண்டு பக்கமும் காற்றுப் போக வெட்டின துளைகள் உண்டு. அவற்றில் பஞ்சு ஒட்டியிருந்தது. மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு அவள் இழுக்க இழுக்க, துருத்தி மிச்சப் பஞ்சை உள்ளே உறிஞ்சியது. ஒரு சுரம் போயிற்று, பிறகு பக்கத்துச் சுரம். மூன்றாவது பாட்டில் எந்தப் பித்தானை அமுக்கினாலும் காற்றுத்தான் வந்தது. ஜெபம் நடத்துகிற தானியேல் கையைத் தட்டியே பாட்டை முடித்துவைத்தார். "திருப்புளி கொண்டார்றேன், பிரிச்சு ஊதிருவோம்" என்றார். ஜீப்புக்கு நேரமாகிவிடும், வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பின்பக்கம் போய் ஜானின் அருகே நின்றாள். இழுத்தாள். ஹா என்று வெறும் மூச்சு வந்தது. அமுக்கினாள். மறுபடி மூச்சு. வாசிக்கவும் முடியாமல், பேசவும் முடியாமல் அங்கே நின்றபோது, இனிமேல் இங்கே வரவே கூடாதென்று அவர் சொல்கிறாரோ என்று பயந்தாள். யானைக்குப் பயந்ததை விட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

திரும்பி வரும்போது பனிமஞ்சு இறங்கிவிட்டது. நாலடிக்கு அப்பால் மொக்கச்சாமியின் முதுகு மங்கலாகத் தெரிந்தது. பாறை வளைவில் அந்த முதுகு சட்டென்று நின்றது. அவன் கையை உயர்த்தவில்லை, உயர்த்தப் பயந்தான். பாதையை அடைத்துக்கொண்டு கொம்பன் நின்றது. மஞ்சு விலகிய இடைவெளியில் அதன் கண்ணோரம் வழிந்த ஈரம் தெரிகிற தூரம்.

சாராளின் கால் வழுக்கியது. ஈரக்கல்லில் சறுக்கி உட்கார்ந்தாள். வாளி கையை விட்டுப் போயிற்று. புல்லில் விழுந்ததால் சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் மூடி தெறித்துக் கான்செர்ட்டினா வெளியே உருண்டது. சரிவில் ஒரு பக்கம் கல்லில் மாட்டிக்கொள்ள, மறுபக்கம் தன் எடைக்குத் தானே கீழே இறங்க, துருத்தி மடிப்பு மடிப்பாக விரிந்தது. கல்லில் பித்தான்கள் நாலைந்து அமுங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கத்தப் போகிறது. அன்றைக்குப் போன் கத்தியது போல இன்றைக்கு இது கத்தப் போகிறது. முன்னால் நிற்பவன் சாகப் போகிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தது மூச்சுத்தான். நீளமாக ஒரு மூச்சு. அதற்குள் ஒரே ஒரு மெல்லிய சுரம், காட்டில் நாளெல்லாம் கேட்கிற சிள்வண்டுச் சத்தம் போல. யானை துதிக்கையை அந்தப் பக்கம் நீட்டி மோந்தது. காதை ஒரு தடவை அடித்தது. பிறகு திரும்பி, மஞ்சுக்குள் போனது. செடிகள் முறியும் ஓசை கீழே கீழே போய் அடங்கிற்று.

இருவரும் ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் சாராள், கையில் அள்ளி வந்த கான்செர்ட்டினாவையும் பஞ்சையும் மடியில் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக அடைத்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நாந்தான் மொக்கச்சாமி. அன்னைக்கி அவருக்குப் போன் அடிச்சது நாந்தான். அந்தச் சத்தத்துலதான் யானை திரும்பிருச்சு. இன்னைக்கு ஒன்னையும் கொல்லப் பாத்தேன்."

மொக்கச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"நீங்க அடிச்சது எனக்குத் தெரியும் மதினி. மொதல்ல ஓடி வந்து கீழ கெடந்த போன எடுத்தது நாந்தான. என் கையில இருக்கும்போதே ஏழெட்டுத் தடவ வந்துச்சு. ஒங்க பேரு மினுக்கு மினுக்குன்னு வந்துச்சு. ஆனா போனு கெடந்து ஆடுச்சே ஒழிய ஒரு சத்தமும் வரல. அண்ணே காட்டுக்குள்ள எறங்குனா மொதச் சோலியே சத்தத்த அமத்துறதுதான். எங்களுக்கெல்லாம் அதச் சொல்லிக் கொடுத்ததே அவருதான்."

சாராள் அவனையே பார்த்தாள். "சத்தம் வரலயா?"

"வரல மதினி. சத்தியமா வரல."

"ஏன் என்கிட்ட இத்தன நாளாச் சொல்லல?"

"போன எடுத்து என்னன்னு சொல்றது? அண்ணே அங்க கெடக்காரு. எடுக்கப் பயந்துக்கிட்டு கையில வச்சே நின்னேன். எடுக்காம விட்டதுக்கு நீங்க என்னையத் திட்டுவீங்களோன்னு அதுக்கப்புறமும் பயம்." அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நீங்க ஒருவாட்டியும் கேக்கவும் இல்ல."

சாராள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரோட்டில் போன ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். அழுகை ஓய்ந்ததும் கான்செர்ட்டினாவைப் பஞ்சோடு பஞ்சாக வாளிக்குள் வைத்து மூடினாள். மொக்கச்சாமி அவளுடைய போனை எடுத்துக் கொடுத்தான்.

ஜீப்பு வந்தது. டிரைவர் பாண்டியராஜன் வாளியை மேலே போடட்டுமா என்று கேட்டார். மடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவு வருவதற்குள் போனை முடுக்கினாள். சோனியாவின் பெயரைத் தேடி எடுத்து, அமுக்கினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள்.

"அம்மா? என்னம்மா ஆச்சு? நீயா போன் பண்ற? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி," என்றாள் சாராள். "சாப்பிட்டியான்னு கேக்கத்தான் அடிச்சேன்."