மூன்று நாகையாக்கள்

கமலநாதனுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. செத்த பிறகு மாட்டப்போகும் படத்தைப் பற்றித்தான் கவலை. அவர் குடியிருக்கும் சாலாக் செலாத்தானில் கடைசியாகப் போன நான்கு சாவு வீடுகளிலும் பிள்ளைகள் அவசரத்துக்கு அடையாளக் கார்டுப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். அவர்களில் நாற்பது வருடம் டாக்ஸி ஓட்டிய நல்ல மனிதர் ஒருவர் போலீஸ் தேடும் ஆளைப்போல முறைத்துக்கொண்டிருந்தார். தன் படத்தைத் தானே அச்சடித்துச் சட்டம் போட்டு வைத்துவிடுவது என்று அறுபத்தெட்டு வயதில் கமலநாதன் முடிவெடுத்தார்.

அதற்கு நல்ல பிரிண்டர் வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டார். பெண் பார்க்க வந்த அன்று கொடுத்த தண்ணீரையே முகர்ந்து பார்த்தவர் என்று மனைவி தனலெட்சுமி இன்றும் சொல்வாள்.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் மாதவி என்ற விற்பனைப் பெண் மூன்று இன்க்ஜெட் பிரிண்டர்களைக் காட்டினாள்.

"இந்த மை ஆல்பத்துல நூறு வருஷம் நிக்கும் லா, அங்கிள்."

"ஆல்பத்துல வைக்கலம்மா, சுவத்துல மாட்டப்போறேன். வெளக்குப் புகை, சாம்பிராணி, வெள்ளிக்கிழமை பொட்டு. எத்தனை வருஷம்?"

மாதவி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "கம்பெனிக்காரன் சாம்பிராணி டெஸ்ட் பண்ணல போல, அங்கிள்."

மூன்றிலும் ஒவ்வொரு படம் அடித்துத் தரச்சொன்னார். அவர் படத்துக்கு வீட்டில் தடை. "உசுரோட இருக்கிற மனுஷன் படத்துக்குப் பொட்டு வைப்பீங்களா?" என்று தனலெட்சுமி காலையிலேயே கத்தியிருந்தாள். தடை தன் படத்துக்கு மட்டும்தான் என்று கமலநாதன் எடுத்துக்கொண்டார். பென்டிரைவில் அவள் அக்காள் கணவர் நாகையாவின் பத்து வருடத்துக்கு முந்தைய மணிவிழாப் படம் இருந்தது. வெள்ளைச் சட்டை, கறுத்த மீசை, மாநிறம். சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது.

தனலெட்சுமி சுபாங் ஜெயாவிலுள்ள மகள் வீட்டுக்குப் போன மூன்று வாரமும் வசதியாயிற்று. பின்கட்டில், துணி காயும் இடத்தில், மூன்று நாகையாக்கள் வரிசையாகச் சுவரேறினார்கள். கண்ணாடி போடவில்லை, இப்படியே தாங்கினால் எப்படியும் தாங்கும். தினமும் எதிரில் எண்ணெய் விளக்கு, சாயங்காலம் சாம்பிராணி, வெள்ளிதோறும் நெற்றியில் சந்தனம், குங்குமம். இரண்டாம் வாரத்தில் முதலாம் நாகையாவின் மீசை செம்பட்டையானது. மூன்றாமவரின் நெற்றி கரைந்து மூக்குக்கு இறங்கியது. நடுவில் இருந்தவர் மட்டும் புதுமாப்பிள்ளைபோல இருந்தார்.

தனலெட்சுமியைக் காரில் கொண்டுவந்து விட்டவர் நாகையாவேதான். கிள்ளானிலிருந்து அவளுக்காகச் சுற்றி வந்திருந்தார். கை கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

"யோவ் நாதன்! நான் எப்பய்யா செத்தேன்?"

"சகல, இது வந்து…"

"அதுவும் மூணு பேரா! ஒரு தடவ செத்தா பத்தாதா உனக்கு?"

தனலெட்சுமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கமலநாதன் சாவு வீட்டுப் படங்களில் தொடங்கி மைவரை எல்லாவற்றையும் கொட்டினார். நாகையா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"இந்த நடுவுல உள்ளது நல்லாத்தான்யா இருக்கு. பத்து வயசு குறைச்சலா தெரியுது. எந்த மெஷின் இது?"

படத்தின் வயதைக் கமலநாதன் சொல்லவில்லை. "அதைத்தான் வாங்கப்போறேன், சகல."

"வாங்கு. எனக்குப் பெருசா ஒண்ணு அடி. பொட்டு வேணாம்."

பிரிண்டர் வந்தது. நாகையாவின் கூடத்தில் மாட்டிய படத்தைப் பார்த்துக் கிள்ளான் சொந்தங்கள் எல்லாம் படம் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் பதினேழு முகங்கள் அச்சேறின. கமலநாதன் கோட்டு போட்ட தன் படத்தைத் திறக்கும்போதெல்லாம் தனலெட்சுமி வந்து சுவிட்சை அணைத்தாள்.

"மத்தவங்களோடது முடியட்டும். உங்களுது கடைசில."

இப்போது காய்கறி வாங்கப் போகும் பாசாரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், நல்ல படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லிவிட்டு வருகிறாள்.