நீருக்கடியில் நின்ற தாமரை

மயில்துத்தத்தின் நீலம் கண்ணைப் பறிக்கும். இடித்துத் தூளாக்கினால் வெளிறிப்போகும். அதைப் பார்த்து என் தோழி கவிதா உச்சுக்கொட்டியது, பினாங்கில் நாங்கள் படித்த பள்ளியின் ஆய்வகத்தில், அறிவியல் கண்காட்சிக்கு முதல் நாள். எந்த உப்பு நீரில் கரையும், எது கரையாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய தேர்வில் நான் மண்ணைக் கவ்வியிருந்தேன். "கண்காட்சியிலயும் சொதப்புனா கணக்கியல் வகுப்புக்குப் போயிடும்மா" என்று வேதியியல் ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ வேதியியல்தான் உயிர்.

எனவே தண்ணீரையே சாட்சிக்கு அழைத்தேன். கண்ணாடித் தட்டில் ஒரு கோலம். பேரியம் சல்பேட்டில் வெள்ளைத் தாமரை, காப்பர் கார்பனேட்டில் பச்சை இலைகள், சுற்றிலும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். வெள்ளையும் நீலமும் சல்பேட்டுகள்தான். ஆனால் பேரியத்தோடு சேர்ந்தது தண்ணீரை மதிக்காது, காப்பரோடு சேர்ந்தது உடனே கரைந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் நீலம் குளமாகும், தாமரை அப்படியே நிற்கும் என்பது என் கணிப்பு. அதை ஆசிரியையிடமும் வீட்டில் அம்மாவிடமும் அன்றே சொல்லிவிட்டேன். கவிதா வெள்ளை, பச்சைப் பொடிகளைக் கஞ்சியில் குழைத்து, மாக்கோலம் போடுவதுபோல், கையுறை போட்ட மோதிர விரலால் இழுத்தாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், கோலத்தைச் சுற்றிச் சிவப்புக் கரை!

"என்னடி இது?"

"காவி இல்லாம எப்படிலா கோலத்த விடறது? லிட்டில் இந்தியாவுல வாங்குன பொடிதான்."

ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கல் கல்லாக மின்னியது; சாயம் ஏற்றிய சமையல் உப்பு.

"சோடியம் குளோரைட்டுடி! தண்ணி பட்டா கரைஞ்சி குளமே சேறாயிடும்."

துடைத்தெடுத்தோம். கவிதாவுக்கு மனம் ஆறவில்லை. பள்ளிக்குப் பின்னால் கிடந்த செங்கலைப் பொடித்து, கஞ்சியில் குழைத்து மறுபடியும் கரை கட்டினாள். அது காய்ந்த பிறகே மயில்துத்தத்தைத் தூவினோம்.

கண்காட்சியில் ஆசிரியையே தண்ணீர் ஊற்றினார். மாக் மண்டின் வட்டாரத்தில் தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் விடுப்பு எடுத்து வந்திருந்த அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். நீலம் கலைந்து பரவியது. தாமரை நின்றது, இலை நின்றது, காவியும் நின்றது.

"கணக்கியலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் ஆசிரியை.

அம்மாவோ பக்கத்து மேசைக்காரர்களிடம் திரும்பி, "எம்பொண்ணு நேத்தே சொல்லிட்டா லா, எது கரையும் எது கரையாதுன்னு" என்றார். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று ஜுருவில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில், கொதிகலனில் எந்த உப்பு படியும் என்று கணித்துச் சொல்வது என் வேலை. அந்தப் பள்ளி ஆய்வகம் கணினி அறையாகிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் கைப்பேசியே விடை சொல்லிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தண்ணீர் விழும்வரை நெஞ்சு படபடக்க நிற்பது இன்றைய பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. நான் நின்றேன். சொல்லி அடித்தேன்.