கிரீஸ் வைத்த பிரேக்

நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள், முழங்காலில் கட்டோடு. அவள் தம்பி இருந்தான், படகு எஞ்சின் வேலை செய்பவன். நடுவில் எங்கள் பழைய கார். பின்சக்கரம் இரண்டும் கழற்றி, கட்டை மேல் நின்றது. வேறு யாரும் இல்லை.

முந்தின ஞாயிறு காலையில்தான் அது நடந்தது. மீன் இறங்கும் இடத்தில் ரோடு கடலைப் பார்த்துச் சரியும். டிக்கி கடல் பக்கம் இருக்கிற மாதிரி வண்டியை நிறுத்திக் கூடை ஏற்றுவோம். ஹேண்ட் பிரேக் போடும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. இந்த இடத்தை விட்டால் திருவொற்றியூரில் மேடு ஏது? சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம், அவ்வளவுதான். அன்றைக்கு ஈரத்தில் கல் வழுக்கிவிட்டது. கூடையோடு பின்னால் நின்ற என் மனைவியை பம்பர் தள்ளியது. அவள் பக்கவாட்டில் விழுந்து தப்பினாள். நான் எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். லீவர் மேலே வரை வந்தது, பிடிக்கவில்லை. கடலோரக் கருங்கல்லில் மோதித்தான் வண்டி நின்றது.

இனி அதன் பின்னால் நிற்கமாட்டேன் என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். பின்னால் நிற்காமல் கூடை ஏற்ற முடியாது. கூடை ஏறாவிட்டால் வண்ணாரப்பேட்டையில் அவள் மீன்கடை கிடையாது. வாரம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை.

அடுத்த ஞாயிறு வேலையில் இறங்கினோம். இடது சக்கரம் எனக்கு, வலது அவனுக்கு. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றினால் உள்ளே ஒரே துரு. உப்புக்காற்று. கேபிள் இறுகிப்போயிருந்தது. ஆயில் விட்டு இழுத்து இழுத்து நகரவைத்தேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைப் புதிதாக மாட்டி மூடினோம். பின்பக்க ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, சக்கரம் லேசாக உரசும் வரை உள்ளே ஷூவை நெருக்கும் பல்சக்கரத்தைத் தள்ளினேன். கடைசியில் லீவருக்குக் கீழே கேபிள் நட்டை முறுக்கினேன். லீவரை இழுத்தால் டிக் டிக் என்று கேட்கும். ஐந்து ஆறு டிக்குக்குள் பிடிக்க வேண்டும். முன்பு பதினொன்று போனது.

அதே சரிவுக்கு ஓட்டிப்போனோம். பின்னால் யாரையும் நிற்கவிடவில்லை. லீவரை இழுத்து, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்தேன். வண்டி மெல்ல இறங்கியது. காலால் மிதித்து நிறுத்தினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப வந்து கழற்றினேன். என் பக்கம் சரி. அவன் பக்கத்து ஷூவில் விரலை வைத்தேன், வழுக்கியது.

"இன்னாடா இது?"

"கிரீஸ் மாமா. வெக்காம மூட்னா துரு புடிச்சிக்குமே."

படகில் இரும்பைக் கண்டால் கிரீஸ் வைப்பார்கள். கை பழகிப்போயிருந்தது.

"புடிக்க வேண்டியதுக்கே கிரீஸ் வெச்சிகிறியே."

ஒரு வாரமாகப் பேசாதிருந்தவள் வாயைத் திறந்தாள்.

"இவன் கைல வுட்டா, நங்கூரத்துக்கே கிரீஸ் வெப்பான்."

கிரீஸ் ஊறிய ஷூ ஆகாது. அவனே போய் இன்னொரு செட் வாங்கி வந்தான். டிரம்மைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் நானே மாட்டினேன்.

மறுபடி சரிவு. நான் சீட்டில் உட்கார்ந்ததும் அவள் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தள்ளிப் போகச் சொன்னேன். போகவில்லை. தம்பி கல் எடுத்து வந்தான். அதைக் காலால் ஒதுக்கினாள்.

"நாளிக்கும் இங்கதான் நிக்கணும். இன்னிக்கே நிக்கிறேன். கால எடு."

லீவரை இழுத்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பெடலுக்கு மேலேயே வைத்திருந்தேன். வண்டி ஒரு தடவை அசைந்தது. பிறகு அசையவில்லை. அவள் டிக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். நின்றது.

ஜன்னலுக்கு வந்து எத்தனை டிக் என்று கேட்டாள்.

ஆறு.