நிவாரணக் கச்சேரிக்காகக் காலி செய்த மண்டபம்

அந்தப் பாடகருக்குப் பல வருடங்கள் பக்கவாத்தியமாக வயலின் வாசித்தேன். அவர் குரல் பிடிக்கும், அவரைப் பிடித்ததில்லை. காலையில் ‘ஆ’ என்று ஸ்வரங்களை நீட்டிப் பாடும் அகார சாதகம் முடியும்வரை யாரிடமும் பேச மாட்டார். மனைவி வெந்நீர் கொண்டுவந்து வைக்கும்போதுகூடச் சத்தம் வரக்கூடாது. என் சாதகம் வேறு மாதிரி. கும்மிடிப்பூண்டியில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குவார்கள். அதனால் வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் கிளிப்பைச் செருகி, ஓசையை அமுக்கி, ஒரே வர்ணத்தை மூன்று கால வேகத்திலும் வாசிப்பேன்.

போன மழையில் பழவேற்காட்டுப் பக்கக் குப்பங்களில் தண்ணீர் புகுந்தது. அங்கிருந்த மீனவக் குடும்பங்களைப் புதுவாயலில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்டப் பாடகர் கச்சேரி வைத்தார். கச்சேரி நடக்கப்போவதும் அதே மண்டபத்தில்தான் என்பது, அன்று காலை ஒத்திகைக்குப் போய் இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து ஒரு பெண் ஈரத் துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். என் வயலின் பெட்டியைப் பார்த்ததும் நின்றாள்.

“எங்களுக்கோசரம் பாடறீங்களாமே? அதுக்கு எங்களையே பின்னாடி ஷெட்டுக்குத் தள்ளிட்டீங்க. மேல ஒழுவுது. புள்ளைங்கள எங்க படுக்க வெக்கிறது?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“இப்ப தெரிஞ்சிக்கினல்ல. போய்ச் சொல்லு.”

பாடகர் மணமகள் அறையில் சாதகம் செய்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்ததுமே கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். நான் சுருதிப்பெட்டியை அணைத்தேன்.

“என் சாதகத்துல கை வைக்கிற தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது?”

“அவங்க கூடத்துலயே இருக்கட்டும். வர்றவங்க சுத்தி உட்கார்ந்து கேட்கட்டும்.”

“வர்றவங்க கம்பெனி முதலாளிங்க. ஈரப் பாய் நாத்தத்துல உட்காருவாங்களா? ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கட்டும்.”

“அப்ப நான் வாசிக்கல.”

“இனிமே என் மேடையில உனக்கு இடமில்ல.”

“வேண்டாம்,” என்றேன்.

ஷெட்டுக்குப் போனேன். அந்தப் பெண் ஏறிட்டுப் பார்த்தாள்.

“இன்னா, இங்க வாசிக்க வந்துக்கிறியா?”

“இல்ல.”

“அப்ப அந்தப் பாயப் புடி.”

ஒழுகாத மூலைக்குப் பாய்களை இழுத்தோம். வேறு யாரும் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் ஒலிபெருக்கியில் வயலின் இல்லாமல் அவர் குரல் வந்தது. நன்றாகத்தான் பாடினார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தூக்கம் கலைந்த குழந்தைகள் அழுதன. அந்தப் பெண், “அந்தாளு எப்பதான் நிறுத்துவான்?” என்று கேட்டாள்.

அன்றிரவு நானும் ஷெட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை அவர்களைக் கூடத்துக்குள் விட்டார்கள். தரையெங்கும் கசங்கிய பூவும் காபிக் கோப்பைகளும் கிடந்தன. அவர்களே பெருக்க வேண்டியிருந்தது. நான் துடைப்பத்துக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“உடு. நாங்க பாத்துக்கறோம்.”

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதன்பிறகு பாடகர் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்கு வேண்டிய சபாக்களும் கூப்பிடுவதில்லை.