உப்பில்லா விரதமும் ஒரு குழாய் ரத்தமும்

வைத்தியநாதரை நம்புகிற எல்லோருக்கும், செந்துறைப் பக்கத்திலிருந்து நான் எழுத்துக் கூட்டி எழுதுவது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என் உடம்பு கறுக்கத் தொடங்கியது. எங்கள் வம்சத்திலேயே நான்தான் சிவப்பு. அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. கை ரேகைகூடக் கறுத்தது. சோறு இறங்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது.

"என்னக்கா, அடுப்புக்குள்ளயே குடியிருக்கீங்களா?" என்று ஓரகத்தி சிரித்தாள்.

அப்போதெல்லாம் உப்பின்மேல் தீராத ஆசை எனக்கு. மிகவும் பிடித்ததைத்தானே சாமிக்கு விட வேண்டும்? குணமாகும்வரை உப்பைத் தொடுவதில்லை என்று திருமழபாடி வைத்தியநாதருக்கு நேர்ந்துகொண்டேன். உடம்பு இன்னும் மோசமானது. இனிப் பிழைக்கமாட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை சன்னிதியில் நின்று, "இந்த உடம்புக்கு என்னதான் வேணும்? சொல்லிடப்பா" என்று கேட்டேன். அங்கேயே மயங்கி விழுந்தேன். மகன் திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான்.

டாக்டர் என் கை ரேகையையும் ஈறையும் உற்றுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். குழாயில் சிவப்பு கீழே தங்கி, மேலே மஞ்சள் நீர் தெளிந்ததை நான் எட்டிப் பார்த்தேன்.

"இதுல என்னங்க பாப்பீங்க?"

"உப்பு எவ்வளவு இருக்குன்னு, பாட்டிம்மா."

மறுநாள் வந்து சொன்னார். சிறுநீரகத்தின் தலையில் இரண்டு சின்னச் சுரப்பிகளாம். அவை விடும் சாறுதான் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்குமாம். எனக்கு அவை வற்றிவிட்டன.

"அந்தச் சாறையே ரத்தத்துல அளந்துட்டா என்ன?" என்றேன்.

"அதுக்கு இன்னும் வழி வரல. உப்பை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம். உங்க ரத்தத்துல அது ரொம்பக் கம்மி. ஊசி போடுறேன். உப்புத் தண்ணியும் குடிக்கணும்."

"மாட்டேங்க. சாமிக்குக் குடுத்த வாக்கு."

"செத்துப் போயிடுவம்மா!" என்று மகன் அழுதான்.

டாக்டர் அவசரப்படவில்லை. "சாமிகிட்ட கடைசியா என்ன கேட்டீங்க?"

"இந்த உடம்புக்கு என்ன வேணும்னு."

"அதான் ரத்தம் சொல்லிடுச்சே, பாட்டிம்மா!"

எனக்கு மேல் சிலிர்த்தது. டம்ளரை வாங்கிக் குடித்தேன்.

இன்று நடமாடுகிறேன். ஊசி தொடர்கிறது. உப்புக்குப் பதில் வெல்லத்தை விட்டேன். கறுப்பு முழுக்கப் போகவில்லை, இருக்கட்டும். அந்தச் சாற்றை அளக்க வழி வந்துவிட்டதா என்று டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். அதையும் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

நீங்களும் அந்த வைத்தியநாதனிடம் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது, "இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.