அம்மணி 'ங்க' போட்ட நாள்

நேற்று மகனுடைய கம்பெனியில் ஒரு சுற்று சுற்றி வந்தேன். என்னைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்களே தவிர, யாரும் ஒரு வேலையும் கொடுப்பதில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதெல்லாம் இப்போது மெஷின். ஒரே ஓர் அறையில்தான் பழைய வாசம் மிச்சமிருக்கிறது. சுற்றி முடித்த காயிலை வார்னிஷில் முக்கிச் சூட்டடுப்பில் வைக்கும் அறை. சரவணம்பட்டியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த ஒரு பெண் மூக்கை மூடிக்கொண்டு நின்றது. நான் நெஞ்சு நிறைய இழுத்தேன்.

"அது ஒடம்புக்கு ஆகாதுங்க ஐயா."

"எனக்குக் கண்ணாலம் ஆனதே இந்த வாசத்தாலதான் கண்ணு."

அது சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அதற்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பாதி ஞாபகமில்லை. ஆனால் எரிந்துபோன மோட்டாரைக் காதால் கேட்டே எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வயதில் வேறு எதற்குச் சொல்வது?

அப்போது நான் ஒரு பட்டறையில் கூலிக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் அரண்மனையில் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது, போய் அங்கேயே வைத்துச் சுற்றிக் கொடு என்று அனுப்பினார்கள். எந்த அரண்மனை என்று கேட்காதீர்கள். அரண்மனை என்றதும் யானை, அம்பாரி என்று போய்விடவும் வேண்டாம். பட்டத்தையெல்லாம் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வாயிலிருந்துதான் எடுக்க முடியவில்லை. ராஜாவுக்கு மிச்சமிருந்தது ஒரு பெரிய வீடு, அதில் ஒழுகாத அறைகள் சில, ஒரு தென்னந்தோப்பு, ஒரு கிணறு, ஒரே மகள். ராணியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தானே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார். அந்த அரண்மனைச் சாம்பாரை நினைத்தால் இன்னும் நாக்கு ஊறுகிறது. ஆனால் இப்போது சாம்பார் விஷயம் வேண்டாம்.

வார்னிஷ் வாசம் உள்ளே போயிருக்கிறது. ராஜாவின் மகள் வெளியே வந்தாள். ஊரே அவளைச் 'சின்ன ராணியம்மா' என்று கூப்பிடும், நரைத்த தலைகள்கூட அவளைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டும். அவளோ என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இது என்ன வாசம்? நெம்ப நல்லாருக்குது."

வார்னிஷ் வாசத்தை நல்லாயிருக்கிறது என்று சொன்ன முதல் மனுஷி. அன்றைக்கு வார்னிஷ் காயும் வரை சும்மா இருக்க வேண்டும் அல்லவா, கேரம் ஆட வருகிறாயா என்று கேட்டாள். ராணியம்மா வெங்காயத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். நானும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கேரத்தில் என்னை ஜெயிக்க அப்போது காந்திபுரத்திலேயே ஆள் கிடையாது. சிவப்பையும் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டு, ஆட்டத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் சிவந்துபோயிருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் வேலையாட்கள், சொந்தபந்தம், டியூஷன் வாத்தியார் உட்பட எல்லோரும் அவளிடம் வேண்டுமென்றே தோற்பது வழக்கம். பிறந்ததிலிருந்து அவள் தோற்றதே இல்லை.

"இன்னொரு ஆட்டம் போடு," என்றாள்.

"போடலாமுங்க அம்மணி."

அதிலும் தோற்றாள். அன்று மாலை அவளைப்போல் சந்தோஷமாக இருந்த ஆளை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தத் தோப்பில் மோட்டார் எரிந்தாலும் என்னைக் கூப்பிடச் சொல்லிவிடுவாள். வேலை முடிந்ததும் கேரம். ஒருநாள் ஒரு சட்டம் போட்டாள். அவளிடம் பேசும்போது நான் மரியாதைக்கு 'ங்க' போடக் கூடாது. போட்டால் ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஒரு காயைத் திரும்பப் பலகையில் வைக்க வேண்டும்.

எங்கள் சீமையில் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியாது. நாங்கள் தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்று துரத்துகிறவர்கள். சிவப்பை விழுத்திவிட்டு, "விழுந்திருச்சுங்க" என்பேன். அவ்வளவுதான், வை காயை. "ஐயோ, மறந்துபோச்சுங்க" என்பேன். இன்னொரு காய். ராணியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சிரிப்பார். என் வாழ்நாளில் நான் கேரத்தில் தோற்றது அந்த ஒரு மாசம்தான். பிறகு வாய் பழகிவிட்டது. நான் அவளை வா, போ என்றேன். அவள் என்னை "ஏய் மோட்டாரு" என்றாள். மறைக்க எதுவுமில்லை, உயிர்ச் சிநேகிதம்.

கொஞ்சம் கையில் சேர்ந்ததும் துடியலூரில் சொந்தப் பட்டறை போட்டேன். ஒரு ஷெட், ஒரு பெஞ்சு, ஒரு நம்பிக்கை. அரண்மனைக் கிணற்றுக்கு நானே ஒரு புது மோட்டார் செய்து கொண்டுபோய் மாட்டினேன். அங்கேதான் என் கெட்டிக்காரத்தனமே எனக்கு எதிரியாகிவிட்டது. நான் செய்த மோட்டார் ரிப்பேர் ஆகாது. ரிப்பேர் ஆகாவிட்டால் நான் அங்கே போக என்ன சாக்கு? மாதக்கணக்கில் போகவில்லை. அப்போதுதான், கேரம் பலகையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதைக் கவனித்தேன். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து கஷாயம் குடித்தேன். அவ்வளவு அறிவு.

இந்தச் சமயத்தில் அவளுக்கு வரன் வந்திருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அவர்களும் ஒரு ஜமீன். மாப்பிள்ளைக்கு ஜீப் இருக்கிறது, தொப்பி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுகிறார்கள். அதைக் கேட்டபின் கஷாயமும் இறங்கவில்லை.

புதன்கிழமை ஆள் வந்தது. நாலைந்து நாளாக மோட்டார் ஓடவில்லையாம், தென்னை காய்கிறதாம். என் மோட்டாரா ஓடவில்லை என்று ரோஷத்தோடு போனேன். போய்ப் பார்த்தால் மோட்டார் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது, பியூஸ் கட்டைதான் காணோம். யாரோ உருவியிருக்கிறார்கள். பையிலிருந்து வேறு ஒன்றை எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொட்டியது. திரும்பினால் பின்னால் அவள் நிற்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏனுங்க, காப்பி குடிக்கறீங்களா?"

எனக்குத் தலையில் தேங்காய் விழுந்தது போல ஆகிவிட்டது. ஏய் மோட்டாரு எங்கே, ஏனுங்க எங்கே. சரி, ஜமீன் சம்பந்தம் முடிவாகிவிட்டது, நம்மை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் மரியாதை தெரியும்.

"வேண்டாமுங்க. வாரேனுங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஸ்டெல்லாக்கா மெஸ் வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த என்னை அக்கா உலுக்கினார். நடந்ததைச் சொன்னேன்.

"இத்தனை வருசம் வா போன்னு பேசிப்போட்டு, இப்ப ஏனுங்கங்கறாக்கா. எட்டி நில்லுங்கறா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் எங்கூட்டுக்காரரை எப்பிடிக் கூப்புடறேன்?"

"ஏனுங்கன்னு."

"உங்கம்மா உங்கப்பாவை?"

"ஏனுங்கன்னு."

"ராசா ஊட்டுப் புள்ளை இதுக்கு மேல தண்டோரா போட்டாச் சொல்லும்? எந்திரிச்சுப் போடா கூறுகெட்டவனே. சோத்தை அப்பறம் திங்கலாம்."

எங்கள் ஊரில் பெண்கள் கட்டிக்கொண்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஏனுங்க என்பதுதான் பேர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது என் பேராகவும் இருக்கும் என்று யார் கண்டது.

விடிந்ததும் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, நேராக ராஜா முன்னால் போய் நின்று கேட்டுவிட்டேன். தைரியம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. செருப்பைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டேன்.

ராஜா கத்தவில்லை. மீசையைத் தடவினார்.

"அரமணையில பொண்ணு கேக்கறவன் குதிரையோட வருவான். நீ எதுல வந்தே?"

"பஸ்லீங்க."

"குதிரை?"

"குதிரை நெம்ப இருக்குங்க. மூணு குதிரை, அஞ்சு குதிரை, ஏழரைக் குதிரைன்னு நம்ம பட்டறையிலிருந்து மோட்டாரு போயிட்டே இருக்குதுங்க. உங்க கெணத்துலயே என்ற அஞ்சு குதிரைதானுங்க தண்ணி எறைக்குது."

ராஜா ராணியம்மா பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசினார். அந்த வீட்டில் பெரிய விஷயமெல்லாம் தெலுங்கில்தான். எனக்குப் புரியாது என்று நினைப்பு. நான் முதலில் வேலை பார்த்த பவுண்டரியில் முதலாளி திட்டியதெல்லாம் தெலுங்கில்தான், அதனால் நான் நன்றாகவே கற்றிருந்தேன். பையனுக்கு வாய் நீளம், ஜீப்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று ராஜா கேட்டார். ராணியம்மா வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அந்தத் தொப்பிக்காரன் போன வாரம் வந்து அவளோடு கேரம் ஆடினான். வேண்டுமென்றே தோற்றான். இவன் ஒருத்தன்தான் அவளை ஜெயித்தவன். தோற்றுக்கொடுக்கிறவனைக் கட்டினால் ஆயுசுக்கும் அவளுக்குப் பொழுது போகாது."

ராஜா கதவுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்து, "அம்மணி, நீ என்ன சொல்றே?" என்றார்.

அவள் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, உருவி வைத்திருந்த பியூஸ் கட்டையை அப்பா முன்னால் வைத்தாள்.

"தென்னை காஞ்சது உன்னாலதானா?" என்றார் ராஜா. அதற்குப் பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்காரர்களுக்கு அன்றே ஆள் போயிற்று. கல்யாணம் துடியலூர்க் கோயிலில், பந்தி ஸ்டெல்லாக்கா பொறுப்பு.

இதெல்லாம் நடந்து ஒரு ஆயுசு ஆகிவிட்டது. ராஜாவும் ராணியம்மாவும் போனார்கள். பங்காளிகள் பிரித்தார்கள், விற்றார்கள். துண்டை இடுப்பில் கட்டிய மனுஷர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். போன தை மாதம் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், வண்டியை அரண்மனைப் பக்கம் விடச் சொன்னாள். கிணறு இருந்த இடத்தில் நீச்சல்குளம். வெங்காயம் உரித்த கூடத்துக்கு மேலே மாடி மாடியாகத் துணி காய்கிறது. கேட்டில் செக்யூரிட்டிப் பையன் நிறுத்தினான்.

"யாரைப் பாக்கோணுங்க?"

"யாரையும் இல்லைப்பா. சும்மா பாக்கலாம்னு," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். யாரை நிறுத்துகிறாய் தெரியுமா என்று ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"உங்களுக்கு எந்த ஊருங்க அம்மா?" என்றான் பையன்.

அவள் கிணறு இருந்த பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"துடியலூர் கண்ணு," என்றாள்.