பட்டப்பேருக்குப் பயந்த பேயாண்டி

பழங்காநத்தத்தில் பேயாண்டியிடம் பட்டப்பேர் வாங்காத ஆள் குறைவு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போடுகிறவர். மேலே கம்பு கட்டிக்கொண்டே கீழே போகிறவர்களுக்கெல்லாம் பேர் வைத்துவிடுவார். மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, போகிற இடமெல்லாம் தலையணையோடு போய் உட்கார்ந்த மச்சினன் வீரணனுக்கு அவர் வைத்த பேர் 'மெத்தை'. சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் 'மெத்தை வீரணன்' என்றே அச்சாகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு மலத்தோடு ரத்தம் போனது. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அவருக்கு நோய்கூட இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. முதலில் வந்தது வீரணன் முகம்.

"ஊருக்குள்ள மூச்சு விட்ட, அம்புட்டுதான்," என்று மனைவி செல்லத்தாயிடம் சத்தியம் வாங்கினார். கண் டெஸ்ட்டுக்குப் போவதாகத் தெருவில் சொல்லிவைத்தார். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு அவர் கக்கூஸே கதியென்று கிடந்தபோது, "கண்ணு டெஸ்ட்டுக்கு வயிறு காலியா இருக்கணுமாம்," என்று வாசலில் வந்து கேட்டவர்களிடம் செல்லத்தாய் முகம் மாறாமல் சொன்னாள்.

டெஸ்ட் நல்லபடியாக முடிந்தது. உள்ளே சின்னதாக ஒரு சதை வளர்ச்சி. அதையும் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். பேயாண்டி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில் இடது தோள் வலித்தது. விலாவுக்குக் கீழேயும் ஒரு இழுப்பு. "கம்பு தூக்குனதுல சுளுக்கு," என்றார். வீரணன் தைலத்தோடு வந்து தேய்த்தான். அந்தத் தேய்ப்பில் பழைய கோபமும் கொஞ்சம் இருந்தது. எழுந்து நின்ற பேயாண்டிக்குக் கண் இருட்டியது. சட்டை வேர்வையில் நனைய, அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"கண்ணு டெஸ்ட்டுல என்னமோ பண்ணிப்புட்டாய்ங்க!" என்று கத்திக்கொண்டே வீரணன் அவரை ஆட்டோவில் ஏற்றினான்.

அவசரப் பிரிவில் டாக்டர் சத்யப்ரியா கேட்டார். "கீழ விழுந்தீங்களா? சமீபத்துல ஏதாவது டெஸ்ட், ஆபரேஷன்?"

"கண்ணு டெஸ்ட்டும்மா," என்று வீரணன் முந்திக்கொண்டான்.

பேயாண்டி ஈனசுரத்தில், "மாப்ள, நீ போயி டீ குடிச்சிட்டு வா," என்றார்.

"குடிச்சிட்டேன் மச்சான்."

"இன்னொண்ணு குடி."

செல்லத்தாய்க்குப் பொறுமை போனது. "ஒங்க மானம் கெடக்கட்டும், எனக்கு ஒங்க உசுரு வேணும். டாக்டரம்மா, நேத்து இவருக்குப் பின்னால குழாய் விட்டுப் பாத்தாங்க!"

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பேயாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. மண்ணீரல் லேசாகக் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. "குடல் வளையுற இடத்துக்குப் பக்கத்துலயே மண்ணீரல் இருக்கு. குழாய் போறப்ப இழுபட்டிருக்கும்," என்றார் டாக்டர். "உள்ள ரத்தம் கசிஞ்சா தோள்ல வலி காட்டும். ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி நடக்கும். இவங்க சொல்லலேன்னா நாங்க வேற எங்கயோ தேடிக்கிட்டிருப்போம்."

"லாட்டரியில ஒருநாளும் விழுந்ததில்ல, இதுல விழுந்துருச்சு," என்று முனகினார் பேயாண்டி.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. ரத்தம் ஏற்றி, அசையாமல் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கசிவு தானாக நின்றது. ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த வீரணன் கட்டிலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த நிமிஷமே, "குழாய் மச்சான், எப்படி இருக்கீக?" என்றான். பேயாண்டி சிரித்துவிட்டார். சிரித்ததும் விலா வலித்தது. "சிரிக்க வைக்காத மாப்ள, கிழிஞ்சது மறுபடி கிழிஞ்சுரும்," என்று கெஞ்சினார்.

ஆப்பிளோடு பார்க்க வந்தான் பந்தல் வேலைக்காரன் அழகுபாண்டி. செல்லத்தாய் வெந்நீருக்குப் போனதும் கதவைச் சாத்தினான்.

"அண்ணே, எனக்கும் ரொம்ப நாளா ரத்தம் போகுது. வீட்ல சொல்லல. ரொம்ப வலிக்குமாண்ணே?"

பேயாண்டி வாயில் ஒரு பட்டப்பேர் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். "மயக்க ஊசி போட்டுருவாய்ங்க, ஒண்ணும் தெரியாது. எனக்கு வந்தது லட்சத்துல ஒருத்தனுக்கு வாரது. ஒன்னைய நானே கூட்டிட்டுப் போறேன்."

எடுத்த சதையில் கெடுதல் இல்லை என்று அவருக்கு ரிசல்ட் வந்தது. உடம்பு தேறியதும் சொன்னபடி அழகுபாண்டியை அழைத்துப்போனார். அவன் உள்ளே போனதும் இவருக்கு வேர்த்தது. வராந்தாவில் மேலும் கீழும் நடந்தவரைப் பார்த்து நர்ஸ், "நீங்கதான் பேஷண்டா?" என்று கேட்டாள். வெளியே வந்த அழகுபாண்டி முதல் வேலையாகப் பொங்கலும் வடையும் கேட்டான். அவன் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்த பேயாண்டிக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.